எங்க ஊர் ஆபத்துப் பட்டியல்ல வெள்ளத்துக்கு 12, சுனாமிக்கு 5. இப்படி மார்க் போடுறது சரியா?

பந்தல்காரன்

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறை ஆத்தங்கரையில பந்தல், நாற்காலி, பாத்திரம், ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுக்கிறவன் நான். ஊர்ப் பேர் வேண்டாம். சப்பாத்துக்கு (ஆத்துக்குக் குறுக்கே தாழ்வாப் போட்ட பாலம்) கீழே, வைக்கல்லூருக்கு மேலே எங்கேயோன்னு வச்சுக்கோங்க. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூப்பிடுற ஆளைத்தான் வெள்ளத்துக்கும் கூப்பிடுவாங்க. பள்ளிக்கூடத்துல ஆள்களைத் தங்க வச்சா சோறு பொங்க வார்ப்பு வேணும், படுக்க ஜமுக்காளம் வேணும், கரன்ட் போனா ஜெனரேட்டர் வேணும். அதனால எவன் வீட்டுல எப்ப தண்ணி கேறும்னு எனக்கு அத்துப்படின்னு ஊர்ல ஒரு பேச்சு. பாதி உண்மை.

(வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விஷயம். எங்க பக்கம் குடிக்கிற தண்ணிக்கும் வெள்ளம்னுதான் பேரு. "வெள்ளம் வந்தாச்சா?"ன்னு பக்கத்து வீட்டம்மா கேட்டா ஓட வேண்டாம். குழாயைத்தான் கேக்குது.)

ஐப்பசி மழைக்கு முன்னாடி ஊருக்கு ஒரு ஆபத்துப் பட்டியல் தயார் பண்ணணும்னு எங்க படிப்பகத்துல முடிவாச்சு. ஒரு பையன் எங்கேயோ பார்த்துக் கட்டம் போட்டுக் கொண்டு வந்தான். வெள்ளம், புயல், சுனாமி, நிலநடுக்கம், மண்சரிவு, இடிமின்னல், வறட்சின்னு ஏழு வரி. ஒவ்வொண்ணும் வர்றதுக்கு வாய்ப்பு எவ்வளவு, வந்தா சேதம் எவ்வளவுன்னு 1 முதல் 5 வரைக்கும் மார்க் போட்டு ரெண்டையும் பெருக்கணும். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிச்சோம். வெள்ளத்துக்கு நாலு மூணு பன்னெண்டு. இடிமின்னலுக்கும் பன்னெண்டு. வறட்சிக்கு ஆறு. சுனாமிக்கு ஓரஞ்சு அஞ்சு.

அதாவது எங்க கணக்குப்படி 2004 டிசம்பர் 26ல குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் வாரிக்கிட்டுப் போனது, கிணறு வத்துறதைவிடச் சின்ன விஷயம். அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வெள்ளைத்துணி ஏத்திக்கிட்டுக் குளச்சலுக்கு வண்டி ஓட்டிக்கிட்டுப் போனவன் நான். பேனாவை மூடி வச்சுட்டு வந்துட்டேன்.

என்கிட்ட இருக்கிற ஒரே அளவுகோல் நாற்காலி. குடோன்ல பிளாஸ்டிக் நாற்காலியைப் பதினஞ்சு பதினஞ்சா அடுக்கி வச்சிருப்பேன். 2018 ஆகஸ்ட்ல, கேரளம் முங்கின அதே வாரம், தண்ணி வடிஞ்சப்புறம் பார்த்தா அடி நாற்காலியில இருக்கைக்குக் கொஞ்சம் கீழே செம்மண் கோடு. 2021 நவம்பர் 13, சனிக்கிழமை வந்தது கைப்பிடி வரைக்கும். ரெண்டு வருஷத்துக்கும் ஒவ்வொரு நாற்காலியைக் கழுவாம சுவத்துல ஆணியடிச்சு மாட்டி வச்சிருக்கேன். பொண்டாட்டி திட்டுவா, வாடகைக்கு எடுக்க வர்றவன் பார்த்தா என்ன நினைப்பான்னு. டேப் வச்சு அளந்தேன். தறையில இருந்து 2018க்கு 41 சென்டிமீட்டர், 2021க்கு 64.

இதுல எனக்குப் புரியாத ஒண்ணு உண்டு. பக்கத்துல ஒரு டீச்சர் வீடு. என் குடோனைவிட அது ஒண்ணரை அடி உயரம். 2018ல அங்க முற்றத்தோட நின்னுபோச்சு. 2021ல என் கோட்டுக்கணக்குப்படி அவங்க வீட்டுல பாதிக் கெண்டைக்கால் அளவு வந்திருக்கணும். வந்தது முழங்காலுக்கு மேலே. என் குடோன் ஒரே நாள்ல வடிஞ்சுது. அங்க ரெண்டு நாள் ஆச்சு. ஆறு ஒண்ணுதானே?

அடுத்த தலைவலி பேர் போடுறது. ஆபத்துள்ள வீடுன்னு சிவப்பு மையில எழுதினா நிலத்துக்கு வெலை போயிடும்னு ஒருத்தர். "எம்பொண்ணுக்கு மார்கழி கழிஞ்சா கல்யாணம் பேசணும், அதுவரைக்கும் எங்க வீட்டைப் பச்சையாவே வையுங்க"ன்னு இன்னொருத்தர். சிரிப்பா இருந்தாலும் அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு.

விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இந்த மார்க் கணக்கு சரியா? எதைப் பார்க்கணும், யார்கிட்ட கேக்கணும்?

---

பழைய லஸ்கர்

தம்பி, நான் பாசனப் பிரிவுல லஸ்கரா, அதாவது மடை தொறந்து அடைக்கிற ஆளா, சானல் கரையிலயும் அணைக்கட்டுலயும் கெடந்து ரிட்டயர் ஆனவன். மார்க் கணக்கு எனக்குத் தெரியாது. தண்ணிக் கணக்கு சொல்லுதேன், கேட்டுக்கிடும்.

உம்ம ஊர் வெள்ளம் உம்ம ஊர்ல பெய்யுற மழை இல்ல வே. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்துல சேர்ந்துதான் உம்ம ஆறு. கோதையாத்துல பேச்சிப்பாறை, பறளியாத்துல பெருஞ்சாணி, பொறவு சிற்றாறு ஒண்ணும் ரெண்டும். பேச்சிப்பாறைக்கு மொத்தம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77, சிற்றாறு ரெண்டுக்கும் 18, 18. பேச்சிப்பாறை 1906ல முடிஞ்சது, மூலம் திருநாள் மகாராஜா காலம். நாஞ்சில்நாட்டு வயலுக்குத் தண்ணி குடுக்கக் கட்டினது. வெள்ளத்தை மடக்கி வைக்கக் கட்டினதுன்னு நெனைச்சு ஆத்தங்கரையில ஒறங்கக் கூடாது. அணை காலியாக் கெடந்தா மழையைக் குடிக்கும். நெறஞ்சு கெடந்தா வந்ததை அப்படியே கீழ விடும். அம்புட்டுதான்.

அதனாலதான் ஒரே மழை ஜூன்ல பெய்தா ஒரு கதை, நவம்பர்ல பெய்தா வேற கதை. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குல அணை நெறஞ்சு, ஐப்பசி கார்த்திகையில மேல மேல பெய்தா எங்க போவும்?

தினமும் பேப்பர்ல மழை அளவு போடுவான். எல்லாரும் நாகர்கோவில் எவ்வளவுன்னு பார்த்துட்டு மடக்கி வச்சிருவான். உமக்கு நாகர்கோவில் எதுக்கு? பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, புத்தன் அணை, சிவலோகம், களியல் இதுகளைப் பாரும். கூடவே அணை மட்டமும், எத்தனை கன அடி தொறந்து விட்டிருக்கான்னும் பாரும். ஒரு கன அடின்னா நொடிக்கு 28 லிட்டர். பத்தாயிரம் கன அடின்னு பேப்பர்ல பார்த்தா, நொடிக்கு இருபதுக்கு மேல தண்ணி லாரியைக் கவுத்துக்கிட்டே இருக்கதா நெனைச்சுக்கிடும்.

பொறவு ஒரு நோட்டு போடும். அணை தொறந்த நேரம் என்ன, சப்பாத்துல தண்ணி கேறின நேரம் என்ன, உம்ம குடோன் படியைத் தொட்ட நேரம் என்ன. நாலு மழைக்கு எழுதினா உமக்கு எத்தனை மணிக்கூர் அவகாசம்னு உமக்கே தெரியும். அதை எந்த ஆபீசும் எழுதித் தராது. ஆறு கடல்ல சேருற தேங்காய்ப்பட்டணம் பொழியையும் மறக்காதியும். அமாவாசை, பௌர்ணமி ஏத்தத்துல கடல் எதிர்த்து நின்னா ஆறு வடியாது.

வராதுன்னு மட்டும் ஒண்ணுக்கும் மார்க் போடாதியும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெய்தது. உம்ம ஊர்ல இருந்து பறவை பறந்தா நூறு கிலோமீட்டர் சொச்சம், மலைக்கு அந்தப் பக்கம். மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியுமா?

அது கெடக்கட்டு. டீச்சர் வீட்டுக்கும் உம்ம குடோனுக்கும் நடுவுல ஒரு தோடு, அதான் சின்ன ஓடை, இருந்திருக்கணுமே? நீர் சொல்லுத கணக்குக்கு அது இருந்தாத்தான் சரி வரும்.

---

தூத்தூர்க்காரி

மார்க் போடுறது பத்தி ஒண்ணு சொல்லணும்.

2017 நவம்பர் 28 அன்னைக்கு எங்க கரையில இந்தக் கட்டத்தைக் கொண்டு வந்திருந்தா, புயலுக்கு வாய்ப்பு 1ன்னு நானே போட்டிருப்பேன். புயல்னா அது கிழக்குக் கரைக்கு, நாகப்பட்டினம் கடலூர்க்காரங்களுக்கு. எங்களுக்கு ஆனி ஆடிக் கடல்தான் தெரியும். 29ல தாழ்வு மண்டலம், 30 காலையில ஒக்கி புயல். ஒரே ராத்திரி. அது இங்க கரையைக் கடக்கக்கூட இல்லை, பக்கத்துல கடல்வழியாப் போச்சு. அதுக்கே விளவங்கோடு, கல்குளம் முழுக்க வாழையும் ரப்பரும் கரன்ட் கம்பமும் படுத்துது.

ஆனா எங்க சாவு ஊர்ல நடக்கல. அதைத்தான் சொல்ல வந்தேன். தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆள்கள் தங்கல் தொழிலுக்குப் போறவங்க. பத்து நாள், இருபது நாள், ஒரு மாசம்கூட ஆழ்கடல்ல இருப்பாங்க. செய்தி போனப்ப அவங்க எந்தச் செய்தியும் எட்டாத தூரத்துல இருந்தாங்க. அப்ப எங்க ஊரோட ஆபத்தை எங்க ஊருக்குள்ள அளந்தா என்ன கிடைக்கும்? வீடு எல்லாம் பத்திரமா நின்னுச்சு. ஓடுகூட அதிகமா பறக்கல.

யார் யார் கடல்ல இருக்காங்கன்னு முதல் ரெண்டு நாள் யார்கிட்டயும் கணக்கு இல்லை. கோயில் திண்ணையில உக்காந்து என் தம்பி மகளோட நாலு கோடு நோட்டுலதான் நான் எழுதினேன். வள்ளத்தோட பேர், எத்தனை ஆள், என்னைக்குப் போனது, கடைசியா யார் பார்த்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொம்பளை எதிர்ல நிக்கும். "அக்கா, எங்க வள்ளம் பேரு அழிச்சுட்டியா, வந்துட்டாங்களா?"ன்னு கேக்கும். நான் தப்பா எழுதினதை அழிச்சிருப்பேன். அதுக்கப்புறம் அடிச்சு எழுதுறதையே விட்டுட்டேன், தப்புன்னா பக்கத்துல எழுதுவேன்.

அதனால உங்க பட்டியல்ல முதல் வரி வெள்ளமா சுனாமியான்னு எழுதாதீங்க. ஆளை எழுதுங்க. இன்னைக்கு ராத்திரி யார் எங்க இருக்காங்க. கேரளத்துல கட்டட வேலைக்குப் போயிருக்கிறது யார், படுக்கையில இருக்கிறது யார், தனியா இருக்கிறது யார். பேரை வெளியே ஒட்ட வேண்டாம். ரெண்டு பேர் கையில இருந்தாப் போதும். கல்யாணப் பிரச்சினையும் தீரும்.

கடலோரத்துல இருந்து படிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. காத்தும் இருக்காது, மழையும் இருக்காது, வெயிலடிக்கும், திடீர்னு கடல் கேறும். கள்ளக்கடல். தெற்கே எங்கேயோ தூரக்கடல்ல அடிச்ச காத்தோட அலை நாள்கணக்கா நடந்து வந்து இங்க கரையில ஏறும். 2024 மே மாசம் கணபதிபுரம் பக்கம் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவங்க போனது அப்படிக் கடல் கொந்தளிச்ச நாள்லதான். ஐதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்குது. வானத்தைப் பார்த்து நம்பாதீங்க.

---

பந்தல்காரன்

அக்கா, நீங்க எழுதினதைப் படிப்பகத்துல சத்தமா வாசிச்சேன். கட்டம் போட்ட பையன் ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில அவனே ஒரு நோட்டு வாங்கிட்டு வந்து வீடு வீடாப் போக ஆரம்பிச்சுட்டான். மூணு நாள்ல நான் நினைச்சுக்கூடப் பார்க்காத விஷயமெல்லாம் வந்துச்சு. கடைசித் தெருவுல ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குற மெஷின் கரன்ட்ல ஓடுது. மகன் துபாய்ல. ஒக்கிக்குப் பிறகு எத்தனை நாள் கரன்ட் இல்லாம இருந்தோம்னு நினைச்சுப் பார்த்தேன். என் ஜெனரேட்டர் முதல்ல எங்க போகணும்னு இப்ப தெரியும். போன தடவை அது ஒரு ஐஸ்கிரீம் கடைக்குப் போச்சு, முன்பணம் குடுத்திருந்தாங்க.

அண்ணாச்சி, நோட்டு போட்டாச்சு. தோடெல்லாம் இப்ப ஒண்ணும் இல்லை.

---

மலையோரம்

நான் கடையாலுமூடு பக்கம், ரப்பர் வெட்டுறவன். உங்க பட்டியல்ல மண்சரிவுக்கு எவ்வளவு போட்டீங்கன்னு தெரியல. ஆத்தங்கரைக்கு அது 1 போதும். எங்களுக்குப் போதாது. 2024 ஜூலை 30 வயநாட்டுக்குப் பிறகு ராத்திரி மழை பெய்தா எங்க தெருவுல யாரும் ஒறங்குறதில்லை.

எங்க ஆளுங்க பார்க்கிறது இது. சரிவு எவ்வளவு செங்குத்து (போன்லயே சாய்வு அளக்கலாம், 20 டிகிரிக்கு மேலே போனா கவனம்). சரிவைத் தட்டுத்தட்டா வெட்டினப்ப பழைய நீர்ச்சாலை எதையாவது மறிச்சிருக்கா. இல்லாத இடத்துல புதுசா ஊத்து வருதா. மழை பெய்யும்போதே ஓடைத் தண்ணி திடீர்னு குறைஞ்சா அது ரொம்ப மோசம், மேலே எங்கேயோ அடைச்சு நிக்குது. கதவு திடீர்னு இறுகினாலும் சுவத்துல புதுசா வெடிப்பு வந்தாலும் அன்னைக்கு அங்க படுக்கக்கூடாது. ஒக்கியில விழுந்த ரப்பரோட வேர் மண்ணுக்குள்ள அழுகிக் கிடக்கிற இடத்தை நாங்க தனியாப் பார்த்து வச்சிருக்கோம். மரம் போனது அந்த வருஷம், பிடிமானம் போறது பைய.

பெரிய சரிவைவிட அடிக்கடி ஆளை அடிக்கிறது வீட்டுக்குப் பின்னால நிக்கிற கையாலைதான், அதாவது மண்சுவர். மழையில ஊறின மண் கையாலை சத்தமில்லாம வரும். உங்க ஊர்லயும் உண்டே, அதுக்குக் கட்டத்துல வரி இருக்கா?

---

படம்பார்க்கிறவன்

நான் புவியியல் படிச்சு, நிலப்படம் வரையுற வேலையில இருக்கேன். மார்க் போட்ட தம்பியை ரொம்பத் திட்டாதீங்க, பெருக்குற முறை உலகம் முழுக்க இருக்கிறதுதான். தப்பு எங்கேன்னா, பெருக்கி வந்த ஒத்தை எண்ணை வச்சு வரிசைப்படுத்துறதுல. வருஷா வருஷம் வந்து கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுறதும், ஆயுசுக்கு ஒரு தடவை வந்து எல்லாத்தையும் கொண்டுபோறதும் பெருக்கினா ஒரே எண்ணா வரலாம். முதலாவதுக்குத் தேவை மேடும் வடிகாலும். ரெண்டாவதுக்குத் தேவை ஓடத் தெரிஞ்சிருக்கணும். ரெண்டையும் தனித்தனித் தாள்ல வையுங்க.

சுனாமிக்கு உங்க ஊர் போட்ட 5 பத்தி: கடல்ல இருந்து அவ்வளவு உள்ளே இருக்கிற ஊருக்கு அது சரியாவே இருக்கலாம். குளச்சல்காரங்க அதே 5 போட்டா அது பெரும் தப்பு. ஒரு மாவட்டத்துக்கு ஒரே மார்க்னு கிடையாது. மலை, ஆறு, கடல் மூணும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள்ள இருக்கிற மாவட்டம் இது.

"நூறு வருஷத்துல ஒரு தடவை வர்ற வெள்ளம்"னு கேட்டிருப்பீங்க. 2021ல வந்தாச்சு, இனி 2121லதான்னு அதுக்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது வருஷம் ஒரு வீட்டுல இருந்தா, அதுல ஒரு தடவையாவது பார்க்கிற வாய்ப்பு நாலுல ஒண்ணுக்குக் கொஞ்சம் மேலே. அடுத்த வருஷமே வரவும் தடை இல்லை.

மழை எச்சரிக்கையை அளவோட படிக்கணும். வானிலைத் துறை கணக்குல 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டருக்கு மேலே கனமழை, 115.6க்கு மேலே மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினா அதி கனமழை. 200 மில்லிமீட்டர்னா என்னன்னு ஒரு கணக்கு: பத்து சென்ட் புரையிடத்துல (வீட்டு மனை) மட்டும் விழுறது கிட்டத்தட்ட 81,000 லிட்டர். ஏழு தண்ணி லாரி. அது எந்த வழியாப் போகும்னு உங்க பத்து சென்ட்ல நின்னு பார்த்தாலே பாதி மதிப்பீடு முடிஞ்சுது.

2005ஆம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்கணும், கலெக்டர்தான் அதுக்குத் தலைவர். நம்ம மாவட்டத் திட்டம் இணையதளத்துல கிடைக்குது. அதுல உங்க ஊர் எந்த வகையில இருக்கு, எந்தப் பள்ளிக்கூடத்தை முகாமாப் போட்டிருக்காங்கன்னு பாருங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போற வழியே முதல்ல முங்குற வழியான்னு பாருங்க, இது அடிக்கடி நடக்கும். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

இடிமின்னலுக்கு 12 போட்டது எனக்குச் சரியாத்தான் படுது. சித்திரை வைகாசி சாயங்காலத்துல இரும்புத் தூணைப் பிடிச்சு நிக்கிறது உங்க பந்தல் பையங்கதான் அண்ணே. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தோட தாமினி செயலி இருக்கு, பக்கத்துல மின்னல் விழுறதைக் காட்டும். அதுவும் வேண்டாம், முதல் இடி கேட்டதும் தூணை விட்டுட்டு வீட்டுக்குள்ள போங்க, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழிச்சு வெளியே வாங்க. கல்யாண வீட்டுக்காரர் திட்டினா திட்டட்டும்.

---

பழைய லஸ்கர்

பந்தல்கார தம்பி, "தோடெல்லாம் ஒண்ணும் இல்லை"ன்னா என்ன அர்த்தம்? இல்லாமப் போவதுக்கு அது என்ன கற்பூரமா. உம்ம குடோன் ஆத்துத் தண்ணியில நெறஞ்சு ஆத்தோட வடிஞ்சுது. டீச்சர் வீட்டுல வந்தது மேட்டுல இருந்து எறங்கின மழைத் தண்ணி. போக வழியில்லாமத்தான் ரெண்டு நாள் நின்னிருக்கு. 2018க்கும் 2021க்கும் நடுவுல எவனோ மூடியிருக்கான். புல எண்ணைச் சொல்லி வரைபடம் எடுத்துப் பாரும். ஓடைப் புறம்போக்குன்னு ரெட்டைக் கோடு கெடக்கும்.

---

பந்தல்காரன்

நாலு நாளா பதில் போடாததுக்கு மன்னிக்கணும். மழை ஒண்ணும் இல்லை, வேலையும் இல்லை. சும்மாதான் இருந்தேன்.

வரைபடம் எடுத்தேன். அண்ணாச்சி சொன்ன மாதிரியே ரெட்டைக் கோடு. மேல விளையில இருந்து வந்து, டீச்சர் வீட்டு மதில் ஓரமா நடந்து, என் குடோனுக்குப் பின்னால வளைஞ்சு ஆத்துல விழுது. எனக்கு அந்தத் தோடு தெரியும். சின்ன வயசுல அதுல துவர்த்துத் துண்டு விரிச்சு மீன் பிடிச்சிருக்கேன். அகலம் ஒண்ணரை ஆள் நீளம். அப்புறம் அப்புறம் குப்பை, சேம்பு, கொசு. கோடையில தண்ணியே இருக்காது.

2019ல டாட்டா ஏஸ் வாங்கினேன். திருப்ப இடம் இல்லை. அங்க ஒரு வீடு இடிச்ச மண்ணு பத்து லோடு சும்மா கிடைச்சுது.

அவ்வளவுதான். மூடினது நான்தான். கேள்வி எழுதினப்ப மறைச்சேன்னு நினைக்காதீங்க. உண்மையாவே எனக்கு அது தோணல. ரெண்டு வருஷத்து நாற்காலியை ஆணியடிச்சு மாட்டத் தெரிஞ்சவனுக்கு, பின்பக்கம் போய் நாம என்ன பண்ணினோம்னு பார்க்கத் தெரியல. 2021ல டீச்சர் வீட்டு அரிசிப் பெட்டியையும் பீரோ அடித்தட்டையும் தூக்கி வெளியே வச்சுக் கொடுத்ததும் நான்தான். வாடகை வாங்காம ரெண்டு மேசை கொடுத்தேன், அதுல துணி காயப்போட்டாங்க. "நீங்க இல்லைன்னா என்ன பண்ணியிருப்போம்"னு டீச்சர் சொன்னாங்க.

நேத்து போய்ச் சொன்னேன். டீச்சர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எனக்குத் தெரியும். எங்க அடுக்களை ஜன்னல்ல இருந்து பார்த்தா லாரி வந்து தட்டினது தெரியும்"னாங்க. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "எங்க அப்பா மரிச்சப்ப ராத்திரி ரெண்டு மணிக்குப் பந்தல் போட்டது நீங்கதானே"ன்னாங்க. சாயா தந்தாங்க, குடிக்க முடியல.

பட்டியல் நிலவரம்: மார்க்கை விட்டாச்சு. ரெண்டு தாள் வச்சிருக்கோம். ஒண்ணுல வருஷா வருஷம் தொந்தரவு தர்ற இடம். அதுல என் குடோன் பின்பக்கம் முதல் வரி, என் பேரோட. மத்தவங்க பேர் இல்லாம என் பேரை மட்டும் போட்டுக்கிறேன்னு சொன்னதும் கல்யாண வீட்டுக்காரருக்குத்தான் ரொம்பத் திருப்தி. இன்னொரு தாள் பெரிசா வந்தா யாரை முதல்ல தூக்கணும்னு, அது ரெண்டு பேர் கையில மட்டும். மலையோரத்துக்காரர் சொன்ன கையாலையும் சேர்த்தோம், பதினொண்ணு இருக்கு. மாவட்டத் திட்டத்துல எங்க ஊருக்குப் போட்டிருக்கிற பள்ளிக்கூடம் பத்திரமான இடம்தான், ஆனா போற வழியில ஒரு ஓடைப்பாலம் முங்கும். மேல விளை வழியாச் சுத்திப் போகலாம், அங்க ஒரு கேட்டு, சாவி யார்கிட்டன்னு விசாரிச்சுக்கிட்டிருக்கோம்.

நாளைக்கு ஜேசிபி வருது. பத்து லோடு தட்டினது, கூடக் கிடக்கிற குப்பையும் சேறும் சேர்த்து எடுத்தா பதினஞ்சு வரும்ங்கிறான் டிரைவர். இப்ப என் சந்தேகம் அதுதான். அந்த மண்ணை எங்க கொண்டு தட்டுறது? கேட்ட எல்லாரும் "பள்ளமாக் கிடக்கிற இடமாப் பாரு"ன்னுதான் சொல்றாங்க. ஊர்ல பள்ளமாக் கிடக்கிறது எல்லாம் ஒண்ணு தோடு, இல்லைன்னா குளம், இல்லைன்னா ஏலா, அதான் வயல்.

---

பழைய லஸ்கர்

கையாலை பதினொண்ணு இருக்குன்னீரே, அதுல எதுக்காவது அடிமண் கரைஞ்சு போயிருக்கும். முட்டுக் குடுக்க அங்க தட்டும். மிச்சத்தை உம்ம குடோன் தறையைத் தூக்கப் போடும், ரெண்டு அடி. ஆத்துக்குள்ள மட்டும் தட்டிராதியும் வே.